அது பிச்சை இல்லை அண்ணே

நேற்று ராத்திரி மட்டும் பதினொரு பேர் அந்த 40 வினாடி வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மூணாறு சந்தைக்குள், சுயேச்சையாக நின்ற எங்கள் எஸ்டேட் அக்கா முன்னால் நடக்கிறார், பின்னால் நான் தேர்தல் செலவுக்காகப் பிஸ்கட் டின்னை நீட்டிக்கொண்டு போகிறேன். ஒரு பெரியவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவி சில்லறை போடுகிறார். பின்னணியில் சோகப் பாட்டு. மேலே பெரிய எழுத்தில், 'பிச்சை எடுத்து எம்எல்ஏ ஆகப் பார்த்தவர்கள்'. தேர்தல் முடிந்து, தோற்று, டெபாசிட்டும் போய், பதினெட்டு நாள் ஆன பிறகு இது.

தோற்றதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் டெபாசிட் போகும் என்பது மனு கொடுக்கப் போன அன்றே தெரியும். தேவிகுளம் தனித்தொகுதி, 5,000 ரூபாய். அந்தப் பணம் போனதற்கு எங்களுக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. ஆனால் டின்னில் விழுந்த காசைப் பிச்சை என்று சொல்லாதீர்கள். அது பிச்சை இல்லை.

இந்த மலையில் எந்தக் கொடிக்காரர் பக்கெட் தூக்கவில்லை? நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பார்த்திருக்கிறேன். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் சிவப்புத் துணி கட்டிய பக்கெட் ஒரு பக்கம், மூவர்ணத் துணி கட்டிய பக்கெட் மறுபக்கம். எங்கம்மா இரண்டிலும் போடுவார். அதற்கு இங்கே எல்லாரும் சொல்லும் பெயர் 'பிரிவு', மலையாளத்தில் வசூல் என்று அர்த்தம். பிரிவு எடுக்கிறார்கள் என்போம். கட்சி எடுத்தால் பிரிவு, கொழுந்து பறிக்கிறவள் எடுத்தால் பிச்சையா? அதே சந்தை, அதே பத்து ரூபாய், கொடுப்பதும் அதே கை. இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள். நேற்றிலிருந்து கேட்கிறேன், ஸ்மைலி போடுகிறார்களே தவிர பதில் இல்லை.

வீடியோ போட்ட அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். பெயரை இங்கே எழுத மாட்டேன். எஸ்டேட்டில் எங்கள் பக்கத்து டிவிஷன்காரர்தான், நான் காலேஜில் சேர விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே அவர்தான். அதனால்தான் அதிகம் வலிக்கிறது. வெளியாள் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 'கணக்கைக் காட்டச் சொல்லுங்க' என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எழுதின கையே என்னுடையதுதான், தாராளமாகக் காட்டுகிறேன். வேட்பாளருக்குத் தேர்தல் ஆபீசில் ஒரு செலவுப் பதிவேடு தருவார்கள். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், பேங்க் கணக்குக்கு மஞ்சள் தாள். பிரச்சாரம் முடிவதற்குள் மூன்று தடவை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நாம் எழுதுவது போக அவர்களும் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். நாற்காலிக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவு, ஜீப்புக்கு இவ்வளவு என்று அவர்களிடம் ஒரு விலைப்பட்டியல் இருக்கும். சொக்கநாட்டில் ஒரு வீட்டில் பிளாஸ்கில் பால் இல்லாத கட்டன் டீ போட்டு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். அது யார் செலவு, எப்படி எழுதுவது என்று ஒன்றரை மணி நேரம் மண்டையை உடைத்தேன்.

எங்களுக்கு வந்தது மொத்தம் 1,12,480 ரூபாய். ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று சட்டம் சொல்லும் வரம்பு 40 லட்சம். அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய செலவு ஜீப்பும் மைக்கும், அடுத்தது நோட்டீஸ். நோட்டீசை இரண்டு மொழியில் அடிக்க வேண்டியிருந்தது. மறையூர், வட்டவடை, எஸ்டேட் பக்கம் எல்லாம் தமிழ். அடிமாலி இறங்கினால் மலையாளம். மலையாளத்தில் எழுதித் தந்தது அடிமாலியில் டியூஷன் எடுக்கும் ஒரு சேச்சி. காசு வாங்கவில்லை, மேலே 100 ரூபாயும் டின்னில் போட்டார். ஒவ்வொரு நோட்டீசிலும் அச்சடித்தவர் பெயர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம். முதல் கட்டில் அதை விட்டுவிட்டோம். அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் திரும்ப அடித்தோம். அந்த நஷ்டமும் வெள்ளைத் தாளில் இருக்கிறது.

வாக்காளர் பட்டியல் அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு இலவசம், சுயேச்சை என்றால் காசு கட்ட வேண்டும். கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஓர் ஆள் போதும், எங்களுக்குத் தொகுதிக்குள்ளேயே பத்துப் பேர் வேண்டும். எஸ்டேட் குவார்ட்டர்சில் இருந்துகொண்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட பத்துப் பேருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லி, விடியும்போது போனை அணைத்துவிட்டார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. சின்னமோ, மனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் கிடைக்கும். மற்றவர்கள் சின்னம் நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே சுவரில் இருக்கிறது. எங்கள் சின்னம் என்ன என்பதையே இரண்டு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அதுவும் எங்கே? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் மஸ்டர் நேரத்தில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில். இருட்டினால் யானை. காட்டுக்குள் முதுவான் பழங்குடிகள் வாழும் இடமலக்குடிக்கு நாங்கள் போகவே இல்லை. அந்த வாரம் ஜீப்புக்குக் காசில்லை. முதுவான் மக்களிடம் முகம்கூடக் காட்டாமல் அவர்கள் ஓட்டையும் கேட்டோம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று எங்களைக் கேட்கிறீர்களே, நல்ல கேள்வி. கட்சிகள் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைத்தான் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். தேர்தல் பத்திரம் என்று 2018இல் ஒன்று கொண்டுவந்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்றே நமக்குத் தெரியாமல் ஆறு வருஷம் ஓடி, 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு, கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. நான் பத்து ரூபாய்க்கு ரசீது கிழித்தவள். அடிக்கட்டைகள் வீட்டில் இருக்கின்றன.

பத்து ரூபாய் என்றதும் குண்டளைப் பாட்டி ஞாபகம் வருகிறார். ரிட்டையர் ஆகி மகளோடு லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில், இருக்கிறார். டின்னில் பத்து ரூபாய் போட்டுவிட்டு, 'ரசீதுல எம் பேரை எழுது, சும்மா கிறுக்காத' என்றார். எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். நாலு நாள் கழித்து அதே வழியில் ஜீப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினார். 'பத்து ரூவா குடுத்திருக்கேன்ல, எங்க லயத்துக்கு மேல கக்கூஸ் இடிஞ்சு கெடக்கே, அதப் பத்தி மைக்குல ஒரு வார்த்தை பேசலியே?' அக்கா அங்கேயே இறங்கி, போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த நிறுத்தத்தில் அதை முதலில் பேசினார்.

அண்ணே, பிச்சை போட்டவர் நாலு நாள் கழித்து வந்து கணக்குக் கேட்பாரா? பிச்சை போட்டவருக்குப் புண்ணியம் கிடைக்கும், அதோடு முடிந்தது. பாட்டி எங்களிடம் வேலை வாங்கினார். யாரிடம் காசு வாங்குகிறோமோ அவர் கூப்பிட்டால் ஜீப் நிற்க வேண்டும். எங்கள் ஜீப் பத்து ரூபாய்க்கு நின்றது. லட்சக்கணக்கில் கொடுப்பவர் கூப்பிட்டால் நிற்கிற வண்டிகளைப் பற்றி ஒரு வீடியோ போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன்.

'ஓட்டைப் பிரிக்க நின்றீர்கள்' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டு யாருடைய குடும்பச் சொத்தும் இல்லை, பிரிப்பதற்கு.

இன்னொரு கேள்வியை ஒரு டீச்சர் மரியாதையாகவே கேட்டிருந்தார். 'தோற்கும் என்று தெரிந்தும் நாள்கூலி வாங்குகிறவர்கள் காசை ஏன்ப்பா வாங்கினீங்க?' இதை நானும் யோசித்திருக்கிறேன். தூங்காத ராத்திரிகளில் யோசித்ததே அதைத்தான். சில பேரிடம் வாங்கியிருக்கக் கூடாது. எல்லப்பட்டி பக்கம் ஓர் அண்ணன், வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டே 200 ரூபாய் கொடுத்தார். வேண்டாம் என்றதற்கு, 'எங்கிட்ட வாங்க மாட்டீங்கன்னா நான் யாரு?' என்று கேட்டார். வாங்கிவிட்டேன். சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை டீச்சர். ஆனால் ஏழையிடம் கேட்கக் கூடாது என்றால் பணக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்றாகிறது. அப்புறம் அந்த வேட்பாளர் யாருக்குப் பேசுவார்?

'பெண்கள் ஒற்றுமை', அதாவது பெம்பிளை ஒருமை என்ற தோட்டத்துப் பெண்கள் இயக்கத்தை இழுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 'அவங்க கதிதான் உங்களுக்கும்.' என்ன கதி? 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியபோது மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். எந்த யூனியன் தலைவரையும் பக்கத்தில் விடாமல் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள், 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். 232 ரூபாய்க் கூலி 301 ஆனதும் அதன் தொடர்ச்சியில்தான். எங்கம்மா அந்த ஒன்பது நாளும் ரோட்டில் இருந்தார், நான் சோறு கட்டிக்கொண்டு போனேன். பிறகு அவர்களுக்குள் பிளவு வந்தது, 2016 சட்டமன்றத் தேர்தலில் அவர்களில் ஒருவர் நின்று தோற்றார், எல்லாம் உண்மைதான். அதனால் அந்த ஒன்பது நாள் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? அந்தப் போனஸை நீங்களும் வாங்கினீர்கள் அண்ணே. உங்கள் வீட்டிலும் அப்போது இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடியோவை அவருக்கும் யாரோ காட்டிவிட்டார்கள். நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. 'நீ டின்னு தூக்குறப்பவே சொன்னேன்' என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கை நீட்டுவது என்றால் என்னவென்று தெரியும். அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருஷம் கடையில் கடன் சொல்லும்போது என்னைத்தான் அனுப்புவார், தானே போய் நிற்க மாட்டார். கடைக்காரர் எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் என்னைப் பார்ப்பார். அதுதான் கை நீட்டுவது, எனக்கு வித்தியாசம் தெரியும். சந்தையில் டின்னோடு நடந்த அன்று நான் தலையைக் குனியவில்லை, வீடியோவைத் திரும்பப் பாருங்கள். அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த டின்னே புதிது இல்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை, உள்ளே என்ன நடந்தது என்று விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 70 பேர். நாலு பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. எங்கள் டிவிஷனில் கம்பளியும் அரிசியும் காசும் சேர்த்தோம். காசு விழுந்தது இதே டின்னில்தான். அன்றைக்கு அதை நீங்களும் தூக்கினீர்கள் அண்ணே. ஒரு பக்கம் நான், மறுபக்கம் நீங்கள். அதைப் பிச்சை என்று யாரும் சொல்லவில்லை. செத்த பிறகு நமக்காகக் காசு சேர்த்தால் மனிதாபிமானம், உயிரோடு இருக்கும்போது சேர்த்தால் கேவலமா? அந்த லயங்கள் ஏன் அந்த இடத்தில் இருந்தன, ஓடைக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று சட்டசபையில் போய்க் கேட்க எங்களிலிருந்து ஒருத்தி வேண்டும் என்றுதானே அந்த டின்னைத் திரும்ப எடுத்தோம்.

அக்காவின் சொத்து விவரப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விவசாய நிலம், இல்லை. வீட்டு மனை, இல்லை. கட்டிடம், இல்லை. வாகனம், இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அக்கா 'இல்ல', 'இல்ல' என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடன் என்ற இடத்தில் மட்டும் குடும்பஸ்ரீ மகளிர் குழு லோன் என்று ஒரு வரி இருந்தது. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், எங்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நிலைமை. அடகு வைக்கக் காணி நிலம் கிடையாது, விற்க வீடு கிடையாது. அப்படிப்பட்டவர் தேர்தலில் நிற்க டின்னைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது? வழி இருந்தால் சொல்லுங்கள், அடுத்த தடவை அதைச் செய்கிறோம். இல்லையென்றால் எங்களில் யாரும் நிற்கவே கூடாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிச்சை என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. அதில் சில்லறை போடும் பெரியவரின் முகத்தை மட்டுமாவது மறையுங்கள். அவர் உங்களுக்கு என்ன செய்தார்? உங்கள் லயத்திலிருந்தும் இந்த டின்னில் காசு விழுந்திருக்கிறது. பெயர் ரசீதில் இருக்கிறது, இங்கே சொல்ல மாட்டேன்.

ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்க முடியாமல் போகலாம். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அடுத்த திங்கள் நானும் அக்காவும் பைனாவு கலெக்டரேட்டுக்குப் போகிறோம். கையில் மிச்சம் 1,340 ரூபாய் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று கொடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நல்லதண்ணி கோயில் வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பேன். சந்தைக் கூட்டத்தில் காசு போட்டுவிட்டு ரசீது வாங்காமல் போனவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். குண்டளைப் பக்கம் இருந்து யாராவது வந்தால் அந்தப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.