எழுபது சதவீதம் வண்டியாம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஐரோப்பாவின் ஏதோ ஒரு தடத்தில் மோட்டோ ஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கினால், ஆறேகால் மணிக்குள் சேலத்தில் அதற்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ஐந்து ரோட்டு டீக்கடையாக இருக்கட்டும், அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் பந்தயம் பார்க்கும் கல்லூரிக் கூட்டமாக இருக்கட்டும், மறுநாள் காலையில் ஆயில் மாற்றுவதற்காக வண்டியை விடும் பட்டறையாக இருக்கட்டும், எங்கே போனாலும் ஒரே தீர்ப்புதான்: "அவனுக்கென்ன, வண்டி அப்படி. அதில் யாரை உட்கார வைத்தாலும் ஜெயிப்பான்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பகுதிப் பட்டறைக்கு வரும் ஓர் அண்ணன் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார். "தம்பி, இந்தப் பந்தயத்தில் எழுபது சதவீதம் வண்டி, முப்பது சதவீதம்தான் ஆள்" என்பார். எந்தத் தராசில் நிறுத்தார், யார் அளந்து கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் இத்தாலிய வீரர் வாலன்டினோ ரோஸியின் ரசிகர். ரோஸி ஜெயித்த பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது அந்த எழுபது சதவீதம் எங்கே ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை, நூறு சதவீதமும் ஆளாகிவிடுகிறது. ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் ஜெயித்தால் மட்டும் தொண்ணூறு சதவீதம் வண்டி. பிடித்தவன் ஜெயித்தால் திறமை, பிடிக்காதவன் ஜெயித்தால் இயந்திரம் என்பது ஆராய்ச்சியா, அல்லது வயிற்றெரிச்சலா?

வண்டி முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2003இல் நடந்த 16 பந்தயங்களில் 15ஐ ஹோண்டா வென்றது. 2024இல் நடந்த 20 பந்தயங்களில் 19ஐ இத்தாலிய நிறுவனமான டுகாட்டி வென்றது. இவற்றைப் பார்த்த பிறகும் வண்டிக்குப் பங்கில்லை என்று பேசுகிறவன் பந்தயமே பார்த்திருக்க மாட்டான். ஆனால் வண்டியையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதற்கு இந்த விளையாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரே வண்டியை இரண்டு பேருக்குக் கொடுத்து, வருடக் கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் புள்ளிப் பட்டியல் இதைத் திறந்து காட்டுகிறது. அந்தப் பட்டியலைக் கீழே வரை படிக்கும் பொறுமை இல்லாதவர்கள்தான் டீ ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

2007ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 800 சிசி எஞ்சின்கள் அறிமுகமான ஆண்டு அது. முதல் பந்தயமான கத்தாரில் டுகாட்டியில் வந்த கேசி ஸ்டோனர் நேர்சாலையில் ரோஸியின் யமஹாவை மீண்டும் மீண்டும் கடந்து போனதை உலகமே பார்த்தது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள், எல்லாம் எஞ்சின் செய்கிற வேலை என்று. சரி, அதே எஞ்சின் அதே அணியில் இருந்த லோரிஸ் கப்பிரோசிக்கும் கொடுக்கப்பட்டிருந்ததே? கப்பிரோசி ஒன்றும் கற்றுக்குட்டி அல்லர். டுகாட்டிக்கு மோட்டோ ஜிபியில் முதல் வெற்றியைத் தேடிக் கொடுத்தவரே அவர்தான். அந்த ஆண்டின் முடிவில் ஸ்டோனர் 10 வெற்றிகளோடும் 367 புள்ளிகளோடும் உலகச் சாம்பியன். கப்பிரோசி ஒரே ஒரு வெற்றியோடும் 166 புள்ளிகளோடும் ஏழாவது இடம். அடுத்த ஆண்டு அதே அணிக்கு மார்கோ மெலான்ட்ரி வந்தார். 250 சிசி பிரிவில் உலகச் சாம்பியனாக இருந்தவர், பெரிய பிரிவிலும் பந்தயங்களை வென்றவர். அவருக்குக் கிடைத்தது 17ஆவது இடம். அதே வண்டியில் ஸ்டோனர் இரண்டாவது.

இதோடு கதை முடியவில்லை. ஸ்டோனர் 2011இல் ஹோண்டாவுக்குப் போய் அங்கேயும் 10 பந்தயங்களை வென்று மீண்டும் சாம்பியன் ஆனார். அவர் விட்டுப்போன டுகாட்டியில் ரோஸியே வந்து உட்கார்ந்தார். இரண்டு முழு ஆண்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை. முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறியது மூன்று முறைதான். யாரை உட்கார வைத்தாலும் ஜெயிக்கும் வண்டி என்றால், ஒன்பது முறை உலகச் சாம்பியனான மனிதர் உட்கார்ந்தபோது அது ஏன் ஜெயிக்கவில்லை? ஸ்டோனர் சிறுவயதில் ஆஸ்திரேலியாவின் மண் தடங்களில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே வளைவெடுத்துப் பழகியவர். முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காத அந்த டுகாட்டியை அவர் பின்சக்கரத்தைக் கொண்டு திருப்பினார். ரோஸியோ முன்சக்கரத்தை நம்பி, பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைகிறவர். அவர் நம்புவதற்கு அந்த வண்டியில் முன்சக்கரம் கை கொடுக்கவில்லை.

அண்ணனுக்கு அரிச்சுவடியான 2004ஐயும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வென்று கொண்டிருந்த ஹோண்டாவை உதறிவிட்டு, பெரிய பிரிவில் 1992க்குப் பிறகு பட்டமே காணாத யமஹாவுக்கு ரோஸி போனார். தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரத்தில் நடந்த முதல் பந்தயத்திலேயே, ஹோண்டாவில் வந்த மாக்ஸ் பியாஜியைத் தோற்கடித்தார். சிலிர்க்க வைத்த பந்தயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த யமஹா முந்தைய ஆண்டின் யமஹா அல்ல. மசாவோ ஃபுருசாவா தலைமையில் பொறியாளர்கள் எஞ்சினின் வெடிப்பு வரிசையையே மாற்றி, ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பின்சக்கரத்தில் நடப்பது ஓட்டுகிறவனின் கைக்குத் தெரியும்படி செய்திருந்தார்கள். ரோஸி தன்னோடு தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜஸையும் பட்டறைக் குழுவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தார். மார்க்கெஸ் ஜெயித்தால் வண்டியைத் தோண்டித் துருவுகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சரி, மார்க்கெஸுக்கே வருகிறேன், ஏனென்றால் இன்றைய சண்டையெல்லாம் அவரை வைத்துத்தான். 2023இல் ஹோண்டாவில் 14ஆவது, 2024இல் டுகாட்டியில் மூன்றாவது. "பார்த்தாயா தம்பி, வண்டிதான்" என்று மேசையைத் தட்டுகிறார்கள். நானும் அதே மேசையைத் தட்டிக் கேட்கிறேன். 2024இல் அவருக்குக் கிடைத்தது முந்தைய ஆண்டின் டுகாட்டி. அதே பழைய வண்டியை இன்னும் மூன்று பேர் ஓட்டினார்கள். அந்த ஆண்டு வந்த புதிய பின் டயரோடு அது ஒத்துப்போகாமல் முன்பக்கம் அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த வண்டி அந்த ஆண்டு வென்ற மூன்று பந்தயங்களையும் வென்றவர் மார்க்கெஸ் ஒருவரே. அவர் எடுத்தது 392 புள்ளிகள். மற்ற மூவரில் அதிகம் எடுத்தவருக்கு 173. பாதியைக்கூடத் தொடவில்லை. 2025இல் டுகாட்டி நிறுவனத்தின் சொந்த அணிக்குப் போனார். அங்கே அணித்தோழர் ஃபிரான்செஸ்கோ பன்யாயா, அதே டுகாட்டியில் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனவர். பன்யாயாவுக்கு வருடம் முழுவதும் முன்சக்கரத்தின் மீது நம்பிக்கையே வரவில்லை. ஐந்தாவது இடத்தில் முடித்தார். மார்க்கெஸோ ஜப்பானின் மோட்டெகியிலேயே பட்டத்தை உறுதி செய்துவிட்டு, காயத்தால் கடைசி நான்கு ஊர்ப் பந்தயங்களுக்கு வராமலே 545 புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றார். பன்யாயாவுக்கு 288.

ஆளை எதில் ஏற்றிவிட்டாலும் ஜெயிப்பான் என்று பேசும் எதிர்க்கோஷ்டியும் எனக்கு உடன்பாடில்லாததுதான். 2021இல் யமஹாவில் சாம்பியனான ஃபாபியோ குவார்டராரோ 2024இல் அதே யமஹாவில் 13ஆவது. மூன்று வருடத்தில் அவருக்கு ஓட்டுவது மறந்துபோய்விட்டதா? சேலத்தில் இந்தக் கோஷ்டிக்கு ஆள் குறைவு என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

இந்தச் சதவீதக் கணக்கு ஏன் அடிப்படையிலேயே அபத்தம் என்பதற்கு 2019 ஹோண்டாவை விட நல்ல சாட்சி இல்லை. அந்த ஆண்டு மார்க்கெஸ் 420 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்காவில் விழுந்த ஒரு பந்தயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் முதலிடம் அல்லது இரண்டாமிடம். ஹோண்டாவில் அவருக்கு அடுத்து வந்த கால் கிரட்ச்லோவுக்கு 133. அணித்தோழரான ஹோர்ஹே லொரென்சோவுக்கு, இடையில் முதுகெலும்பு முறிந்து பல பந்தயங்களுக்கு வர முடியாமல் போனதையும் சேர்த்து, 28. அந்த ஹோண்டா நல்ல வண்டியா, மோசமான வண்டியா? ஒருவன் சொல்லச் சொல்ல, அவன் கைக்கும் இடுப்புக்கும் ஏற்றபடி ஆண்டுக்கணக்காகச் செதுக்கிய வண்டி அது. அதில் ஆள் எங்கே முடிகிறான், வண்டி எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கத்தியால் அறுத்துக் காட்டுவார்கள்?

அதே லொரென்சோ டுகாட்டியில் இருந்த காலத்தில் நடந்தது இதைவிட நுணுக்கமானது. 2017 முழுவதும் வெற்றியே இல்லை. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் தள்ளப்படும் வேகத்தைக் கைகளால் மட்டுமே தாங்க வேண்டியிருந்ததால், பாதிப் பந்தயத்துக்குள் தோள்கள் சோர்ந்துவிட்டன. பெட்ரோல் டேங்கின் வடிவத்தை மாற்றித் தொடைகளால் இறுக்கிப் பிடிக்க வழி செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 ஜூனில் இத்தாலியின் முஜெல்லோ பந்தயத்துக்கு அது வந்து சேர்ந்தது. அந்தப் பந்தயத்தை வென்றார்; அடுத்ததாக பார்சிலோனாவையும், பிறகு ஆஸ்திரியாவையும் வென்றார். எஞ்சினில் குதிரைத்திறன் கூடவில்லை, கியரில் எதுவும் மாறவில்லை, டேங்கின் மேல் ஒரு பிடிமானம் மட்டும் வந்தது. இந்த மூன்று வெற்றிகளை அண்ணன் எந்தக் கணக்கில் எழுதுவார், எழுபதிலா, முப்பதிலா? (இத்தனைக்கும் நடுவிலேயே டுகாட்டி அவரைக் கைவிட்டுவிட்டது. அந்தப் புத்திசாலித்தனத்தைப் பற்றித் தனியாகக் குமுற வேண்டும்.)

இதெல்லாம் தொலைக்காட்சிப் பேச்சோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வண்டிதான் எல்லாம் என்ற இந்த நம்பிக்கை ஞாயிறு காலையில் அடிவாரம் தாண்டி ஏற்காட்டு மலைச்சாலையில் ஏறுகிறது. மாதத் தவணையில் மூன்று லட்சத்துக்கு வாங்கிய வண்டி, காதைக் கிழிக்கும் சைலன்சர், முழங்காலில் புத்தம்புதுக் கவசம். கொண்டை ஊசி வளைவு வரும்வரை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டு வருகிறார்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக் நினைவுக்கு வருகிறது. பிடித்த மாத்திரத்தில் வண்டி நிமிர்கிறது, அகலமாக விலகி எதிர்ப்பக்கத்துக்குப் போகிறது, மேலேயிருந்து இறங்கும் பேருந்தின் ஓட்டுநர் ஹாரனை அழுத்தியபடி வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். அதே வளைவில், மிளகு மூட்டையைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிற தோட்டத்துப் பெரியவர், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இடப்பக்கத்தை விடாமல், பார்வையை வளைவின் மறுமுனையில் வைத்துக்கொண்டு, உள்ளே பிரேக்கைத் தொடாமலே திரும்பிப் போகிறார். இருபது வளைவுகளையும் இப்படித் தப்பிப் பிழைத்து ஏறியவர்கள் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவதைக் கேட்க வேண்டுமே: "மாப்ள, இந்த வண்டியில இழுவை பத்தலடா. அடுத்தது பெருசா எடுக்கணும்." வளைவில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாத கண்ணுக்கு எந்த ஷோரூமில் மாற்று கிடைக்கும்? பொதுச்சாலை பந்தயத் தடமல்ல என்பதையும், அதற்கென்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் தடங்கள் இருக்கின்றன என்பதையும் சொன்னால், என்னைக் கிழவன் என்கிறார்கள்.

வண்டியைப் பற்றி நியாயமாகக் கோபப்பட ஒரு விஷயம் உண்டு. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கத்தைத் தாழ்த்தி முன்சக்கரம் தூக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி வந்த பிறகு, ஆக்சிலேட்டரை அளந்து முறுக்கும் கலைக்கு வேலை குறைந்துவிட்டது. வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் பெருத்த பிறகு, முன்னால் போகிறவனை ஒட்டி ஓடினால் முன் டயர் சூடாகி, காற்றழுத்தம் ஏறி, பிடிமானம் நழுவுகிறது. திறமை இருந்தும் கடக்க முடியாமல் பின்னாலேயே ஊர்வலம் போகிறார்கள். 2027இல் இதற்குத்தான் விதிகளை மாற்றுகிறார்கள். எஞ்சின் 1000 சிசியிலிருந்து 850ஆகக் குறைகிறது, தாழ்த்தும் கருவிகளுக்குத் தடை வருகிறது, இறக்கைகள் சுருங்குகின்றன, மிஷெலினுக்குப் பதிலாகப் பிரெல்லி டயர் வருகிறது. ஓட்டுகிறவனின் வலது மணிக்கட்டுக்குப் பழைய வேலைகளில் கொஞ்சமாவது திரும்பிவரும். இதைக் கேட்டுப் பட்டறையில் மகிழ்ச்சி பொங்கும் என்று நினைத்தேன். வேகம் குறைந்துவிடுமே, நேர்சாலையில் மணிக்கு 360 கிலோமீட்டரைத் தாண்டாதே, பிறகென்ன பந்தயம் என்று இப்போதே ஒப்பாரி வைக்கிறார்கள். எழுபது சதவீதம் வண்டி என்று நம்புகிறவர்களிடம் போய் வண்டியைக் குறைக்கிறோம் என்றால் வேறென்ன செய்வார்கள்?