ஸ்டிக்கரில் உள்ள கடைசித் தேதி தங்கும் கெடு அல்ல

"ஷெங்கன் விசாவில் போட்டிருக்கும் கடைசித் தேதி வரை தாராளமாகத் தங்கலாம், மாநாடு முடிந்ததும் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள்" என்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான இந்த விசாவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒரு இடத்தில் இருக்கும். தங்கக்கூடிய நாட்கள் எத்தனை என்பது தனியாக இருக்கும். மாநாட்டுக்காக 7 நாள் கேட்டவருக்குப் பெரும்பாலும் 15 நாள் கூடுதலாகச் சேர்த்துத் தேதி போடுவார்கள். விமானம் தள்ளிப்போனால் சமாளிப்பதற்காகத் தரும் இடைவெளி அது. தங்கும் நாட்கள் என்னவோ அந்த 7தான். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதற்குள்ளேயே அடங்கும். கூடுதலாகத் தங்கினால் அபராதம், நுழைவுத் தடை வரை போகலாம்; அடுத்த விசாவுக்கும் அது முட்டுக்கட்டை.

"விசா இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்" என்பதும் தவறு. விசா இருப்பதாலேயே உள்ளே விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வந்த காரணம், தங்குமிடம், செலவுக்குப் பணம், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் எல்லை அதிகாரி கேட்கலாம். அழைப்புக் கடிதம், பதிவு ரசீது, ஹோட்டல் முன்பதிவு, காப்பீடு எல்லாம் அச்சடித்துக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் பயனில்லை, குடியேற்றச் சோதனை முடிந்த பிறகுதான் அது கைக்கு வரும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள்.