இழப்பீடு அவ்வளவு சுலபமா?
அணையால் பாதிப்பு வந்தால் மக்கள் வழக்குப் போட்டு அரசிடம் இழப்பீடு வாங்கிக்கொள்ளலாம் என்று கட்டுரையில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள். நம் மலேசியாவில் அது அவ்வளவு சுலபமில்லை. 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூர் அருகே உலு கிளாங்கில் மலைச்சரிவு இடிந்து ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். அப்போது நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன், பல நாள் வீட்டில் யாரும் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. மற்ற இரண்டு கட்டடங்களில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் என்ன சொன்னது? 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 95ஆவது பிரிவைக் காட்டி நகராண்மைக் கழகம் பொறுப்பில்லை என்றது. பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் அலைந்த பிறகு! மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், தண்ணீரைத் தேக்குபவரே முழுப் பொறுப்பு என்கிறார். சரிதான், அந்த விதியே இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்கத் தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில், 1868இல் உறுதியானதுதான். ஆனால் சட்ட அதிகாரத்தோடு கட்டிய அணை என்றால் பொதுவாகக் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? கசிவு அளவு, ஆய்வறிக்கை, மதகு திறந்த நேரம் எல்லாம் அணையை நடத்துபவர் கையில் அல்லவா இருக்கின்றன! என் தங்கை குடும்பம் பினாங்கில் ஆயர் ஈத்தாம் அணைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது. பிறகு கிடைக்கும் இழப்பீட்டை விட, ஆய்வறிக்கைகளை வருடந்தோறும் பொதுவில் வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்துவதுதான் அவர்களுக்கு முதலில் வேண்டும்.