பத்தாவது ஆள்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் யூதர்கள். நியூஜெர்சிக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பையனுக்கு பார் மிட்ஸ்வா, கட்டாயம் வரணும் என்று அழைத்தார்கள். பையனுக்குப் பதின்மூன்று வயது ஆனதும் சினகாக்கில் நடக்கிற சடங்கு அது. (பைபிள் தமிழில் ஜெப ஆலயம் என்று வருமே, அதுதான் சினகாக்.) பூணூல் கல்யாணம் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்தார். 2018-இல் பிட்ஸ்பர்க்கில் பிரார்த்தனைக்கு வந்த பதினோரு பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு பல சினகாக்குகளில் இந்தக் காவல் சகஜமாகிவிட்டது.

உள்ளே அந்தப் பையன் தோரா சுருளுக்கு, அதாவது ஹீப்ருவில் எழுதிய யூத வேதச் சுருளுக்கு, முன்னால் நின்றான். சுருளில் உயிர் ஒலிக்குறிகள் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது. பழைய ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது என்பார்களே, இது அதைவிடக் கஷ்டம். எந்த எழுத்துக்கு எந்த உயிர், எந்த இடத்தில் இழுக்கணும் என்று எல்லாமே தலைக்குள் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி. குரல் உடைகிற வயது வேறு. ஒரு இடத்தில் தடுக்கியது, பக்கத்தில் நின்ற பெரியவர் மெல்லத் திருத்தினார். முடித்ததும் கூட்டம் முழுக்க அவன்மேல் மிட்டாய் வீசியது. இன்றிலிருந்து நீ மின்யனில் ஒரு ஆள் என்றார் ராபை, அவர்கள் மதகுரு.

மின்யன் என்றால் பத்துப் பேர். முழுமையான கூட்டு வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது கடந்த பத்துப் பேராவது இருக்க வேண்டும். பழைய விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். இந்த சினகாக் மாதிரியான இடங்களில் பெண்களும் உண்டு. ஒன்பது பேராசிரியர்கள் இருந்தாலும் போதாது, அந்தப் பதின்மூன்று வயசுக்காரன் வந்து உட்கார்ந்தால் போதும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அதற்கப்புறம் நாலு வருஷத்தில் அவன் அந்தப் பக்கம் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார் அவன் அம்மா.

யூதர்களே சொல்லிச் சிரிக்கிற பழைய ஜோக் ஒன்று உண்டு. சினகாக்கில் எலித்தொல்லை. எதைச் செய்தும் போகவில்லை. கடைசியில் ராபை எல்லா எலிகளுக்கும் பார் மிட்ஸ்வா செய்து வைத்தாராம். அதன்பின் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை.

சிரித்துவிட்டு என்ன செய்கிறார்கள்? இளைஞர் கமிட்டி போடுகிறார்கள். கமிட்டியில் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பீட்சா வாங்குகிறார்கள், பௌலிங் கூட்டிப்போகிறார்கள். பீட்சா ஊரில் எங்கேயும் கிடைக்கும். சினகாக்குக்கு வந்துதான் சாப்பிட வேண்டுமா?

சமாளிக்கிற சில இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே பெரிய பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு எழுத்து சொல்லித் தரும் உதவி ஆசிரியர். அவர்கள் வழக்கில் மத்ரிக். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தான் வராவிட்டால் ஏழு குட்டிகள் அழும் என்பதற்காகவே எழுந்து வருவாள். பக்தியா, பொறுப்பா? இரண்டுக்கும் நடுவே கோடு போட எனக்குத் தெரியாது.

பியூ ஆய்வு மையம் 2020-இல் எடுத்த கணக்கில், அமெரிக்க யூதர்களில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பத்துக்கு நாலு பேர், யூதர்தான் ஆனால் மதம் என்று ஒன்றும் இல்லை என்கிறார்கள். அதே வயதினரில் 17 சதவீதம் ஆர்த்தடாக்ஸ். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் அது 3 சதவீதம்தான். அந்த வீடுகளில் நிறையக் குழந்தைகள் என்பது ஒரு காரணம். ஆனால் வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு வரையான ஓய்வுநாளில் கார் ஓட்டக் கூடாது என்பதால் எல்லோரும் சினகாக்குக்கு நடந்துபோகிற தூரத்தில் குடியிருக்கிறார்கள். போகாத பையனைத் தெருவே கேட்கும். அப்படி வாழ எல்லோராலும் முடியாது, முடிய வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

கல்லூரிக்குப் போனால் கதை வேறு. 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. கபாத் என்ற ஆர்த்தடாக்ஸ் அமைப்பின் ராபையும் மனைவியும் வளாகத்துப் பக்கத்திலேயே குடித்தனம் வைத்து, வெள்ளி ராத்திரி யார் வந்தாலும் கோழி சூப்பும் ஹல்லா ரொட்டியும் போடுகிறார்கள். நீ உறுப்பினரா என்று கேட்பதில்லை. பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகுதான் பள்ளம். சினகாக் அமைப்பே குடும்பஸ்தர்களுக்காக உள்ளது. ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் பணத்தைத் தொடக் கூடாது, ஆகவே சர்ச் மாதிரி காணிக்கைத் தட்டு சுற்றி வர முடியாது. வருஷச் சந்தா, பெரிய பண்டிகைகளுக்கு டிக்கெட் என்று முன்கூட்டியே வசூலிக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கல்விக் கடனோடு நிற்கிற இருபத்துமூன்று வயசுக்காரன் என்ன செய்வான்? இளைஞர்களுக்குச் சந்தாவைக் குறைத்த, எடுத்தேவிட்ட சினகாக்குகளும் இருக்கின்றன. மற்றவர்களும் செய்யலாம்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. 2023 அக்டோபரில் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு பயத்தில், துக்கத்தில் தேடி வந்த மாணவர்கள் உண்டு. காஸாவைப் பற்றிக் கேள்வி கேட்கப்போய், இது அதற்கான இடமில்லை என்று கேட்டுத் திரும்பியவர்களும் உண்டு. தோற்ற கட்சியின் வாதத்தையும் விடாமல் எழுதிவைத்த மரபு இது. ஹில்லெல், ஷம்மாய் என்ற அந்தக் கால அறிஞர்கள் இருவர் போட்ட சண்டைகளை இரண்டாயிரம் வருஷம் கழித்தும் உட்கார்ந்து படிக்கிறவர்கள், பத்தொன்பது வயசுப் பெண்ணின் கேள்விக்கு ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியாள்தான் நான். ஆனாலும்.

சரி, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வருகிறேன். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்தான், பகல் பன்னிரண்டுக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமில்லை. ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு அவன் அம்மாவின் போனில் சினகாக் வாட்ஸப் குழுவிலிருந்து செய்தி: ஒன்பது பேர் இருக்கிறோம், ஒருவர் கதிஷ் சொல்ல வேண்டும். கதிஷ் என்பது இறந்துபோன அப்பா அம்மாவுக்காகப் பிள்ளை சொல்கிற பிரார்த்தனை. அப்பா போய் மூன்று வாரம் ஆன ஒருவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் சேராமல் அதைச் சொல்ல முடியாது. அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். அப்பா ஊரில் இல்லை.

பையனை எழுப்பினாராம். திட்டிக்கொண்டே எழுந்து, பைஜாமாமேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பனியில் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அங்கே யாரோ தெஃபிலின், அதாவது காலைப் பிரார்த்தனைக்குக் கையிலும் நெற்றியிலும் வாரால் கட்டிக்கொள்கிற சின்னத் தோல் பெட்டிகள், கொடுத்து, வாரை எப்படிச் சுற்றுவது என்று காட்டிக் கொடுத்தார்களாம். இருபத்தைந்து நிமிஷம். முடிந்ததும் அந்த மனிதர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார், எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி படுத்துவிட்டான். சாயங்காலம் அம்மாவிடம் கேட்டானாம், அந்த வாட்ஸப் குழுவில் என் நம்பரையும் சேர்க்கச் சொல்ல முடியுமா என்று.