தலைமன்னாருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் வடக்கே சுற்றுலா போனால் எனக்குத் தெரிந்து பாதை ஒன்றுதான். அநுராதபுரம், நல்லூர், கீரிமலை, நயினாதீவு. மதவாச்சிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பும் மன்னார் வீதியில் பஸ்ஸை விடச் சொல்கிற ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை. மலையகத்துப் பிள்ளை வடக்கில் முதலில் பார்க்க வேண்டிய ஊர் தலைமன்னார் என்பது என் உறுதியான எண்ணம்.

போன ஆகஸ்ட் லீவில் அண்ணன் பிள்ளைகளோடு போனோம். நோர்வூட்டில் மழை விட்டபாடில்லை, சுவெட்டரோடுதான் கிளம்பினோம். மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல், மேலே ஒரு மேகம் கிடையாது. சோளகக் காற்று ஆளைத் தள்ளியது. தீவுக்குள் நுழைந்ததும் ரோட்டோரம் நின்ற கழுதைகளைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தின கத்தல் இருக்கிறதே! பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கப் பார்த்தார்கள், ஆள் போதவில்லை. அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்பார்கள். 1560இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையையும் பார்த்தோம்.

பேசாலை தாண்டினால் பனைமரம், மணல், கருவாட்டு வாசம். தலைமன்னார் அமைதியான ஊர். வெளிச்சவீட்டுப் பக்கம் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. ரயில் தண்டவாளம் இறங்குதுறையோடு முடிந்துவிடுகிறது. பழைய பாலத்தின் இரும்பு துருப்பிடித்து நிற்கிறது. அங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது, தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடியது. அதன் பிறகு வந்தவர்கள் இறங்கிய இடம் இந்த இறங்குதுறை. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நம்ம ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தன. போகிறவர்களைக் கேட்டவர் யார்? அதே வருடம் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஆட்களை அனுப்புவது மட்டும் நிற்கவில்லை.

எங்கள் அப்பாயியின் அண்ணன் குடும்பம் அப்படிப் போனதுதான். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி கிளம்பியபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடியும் வரை ஓடினதை அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தலைமன்னாரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறிவிடும்.

நம்ம வீடுகளில் அந்த ஊர் இன்னும் அப்படியே இருக்கிறது, அழுகையாக. பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்க எனக்கு மனமில்லை. வரலாறு தெரியட்டும், ஒவ்வொரு வருடமும் தெரியட்டும். ஆனால் அவர்கள் அந்தக் கடலில் கால் நனைக்க வேண்டும், மணலில் உருள வேண்டும், வலை இழுக்கிறவர்களோடு பேச வேண்டும். 'எந்த ஊர் தம்பி?' என்று அங்கே ஒரு ஐயா கேட்டார். நோர்வூட் என்றதும் வாடியில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அண்ணன் மகள் கடலைக் காட்டி, 'அந்தப் பக்கம் யார் சித்தப்பா இருக்காங்க?' என்று கேட்டாள். நம்ம சொந்தக்காரர்கள், கோத்தகிரியில் இப்பவும் கொழுந்து பறிக்கிறார்கள் என்றேன். சுமார் 30 கிலோமீற்றர் கடல்தான். அவளுக்கு அது பெரிய அதிசயம். வீடு வந்து சேரும்வரை அவர்கள் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நம்ம ஆட்கள் இங்கே வந்து 200 வருடமானதன் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்கள். அந்த வருடம் எல்லாரும் தலைமன்னாரைப் பற்றிப் பேசினோம், எழுதினோம். அடுத்த வருடமே பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு அதில் கோபம் உண்டு. விழாவுக்கு மட்டும் நினைத்துக்கொள்கிற ஊரா அது?

ஆசிரியர் நண்பர்களே, அடுத்த சுற்றுலாவுக்குப் பெற்றோருக்குக் கடிதம் எழுதும்போது தலைமன்னாரையும் சேருங்கள். ஆகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போகிற குடும்பங்கள் இங்கே நிறைய. இன்னும் ஒரு நாள் தங்கினால் போதும், மடுவிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம், அந்த மத்தியான வெயில் நம்ம பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை.