பேர்ண் டொச் கதைத்தால் யாருக்கு என்ன குறைகிறது?

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை எழுதாமல் விடுவம் என்றுதான் இருந்தேன். "அவர் சொன்னதில் என்ன பிழை?" என்று ஆளுக்காள் கேட்கிறபடியால் எழுதுகிறேன். பிழைதான். எங்கட ஆட்களின் கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பிப் பேர்ண் டொச்சில், அதாவது சுவிஸில் பேர்ண் பக்கத்துச் சனம் பேசுகிற ஜெர்மன் பேச்சில், கேள்வி கேட்க, மேடையில் இருந்தவர் "இது குசினிப் பாஷை, முதலில் டொச்சை ஒழுங்காகப் படியுங்கோ" என்று மைக்கில் சொன்னது பிழை. அதைக் கேட்டுச் சனம் சிரித்தது அதைவிடப் பெரிய பிழை.

பேர்ணில் இருக்கிற ஒருவர் பேர்ண் டொச் படிப்பதும் டொச் படிப்புத்தான். படித்தவருக்கு ஒரு பேச்சு, படியாதவருக்கு ஒரு பேச்சு என்ற பிரிவினை இங்கே இல்லை. டாக்குத்தரும் வக்கீலும் வீட்டில் கதைப்பது இதைத்தான். தொலைக்காட்சியில் செய்தி எழுத்து டொச்சில், அதாவது வகுப்பில் படிக்கிற பொது ஜெர்மனில், போகும். அது முடிய வானிலை சொல்ல வருபவர் ஊர்ப் பேச்சில்தான் சொல்லுவார். அவரைக் குசினிப் பாஷை என்பீர்களா?

நான் முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கிய புதிதில், காலையில் ஒரு அம்மம்மாவைக் கட்டிலில் இருந்து எழுப்பினேன். என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மிர் இஷ் ட்ரும்லிக்" என்றார். வகுப்பில் எனக்குத் தந்த சொல் "ஷ்விண்ட்லிக்". இரண்டும் தலைச்சுற்றுத்தான், ஆனால் அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. நல்லகாலம், கூட வேலைசெய்தவள் ஓடிவந்து கதிரையை இழுத்து இருத்திவிட்டாள். அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மறதி நோய் வந்தவர்களைப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் படித்த டொச் கழன்றுபோய் அம்மா பேசிய பேச்சுத்தான் அவர்களிடம் மிஞ்சி நிற்கிறது. அவர்களிடம் போய் "ஒழுங்கான டொச்சில் சொல்லுங்கோ" என்று கேட்கலாமா?

அதற்குப் பிறகுதான் ஏப்ரன் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு ஹேர்டொப்ஃபு. பட்டர் அங்கெ. காலை ஒன்பது மணிக்குச் சாப்பிடுவது ட்ஸ்நூனி, பின்னேரம் நாலு மணிக்கு ட்ஸ்ஃபியெரி. உச்சரிப்பிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் வருகிற 'க' தொண்டைக்குள் போய் 'ஹ'வாகும். 'ண்ட்' என்று முடிவது 'ங்' ஆகும். அதனால் பிள்ளைக்குரிய 'கிண்ட்' இங்கே 'ஹிங்', நாய்க்குரிய 'ஹுண்ட்' இங்கே 'ஹுங்'. மில்ஹ் என்ற பால் மியுஹ் ஆகிவிடும். 'மகன்' என்கிறபோது வருகிற எங்கட ககரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அந்தத் தொண்டைச் சத்தம் வந்துவிடும். மரியாதைக்கு எழுத்து டொச்சில் சொல்லுகிற 'ஸீ' இங்கே இல்லை, 'டிர்'. நாங்கள் 'நீங்கள்' என்று பன்மையில் மதிப்புக் கொடுப்பது போலவேதான். "ஹெய்ட் டிர் குவெட் க்ஷ்லாஃபெ?", அதாவது வடிவாக நித்திரை கொண்டீர்களா என்று காலையில் கேட்டால் அந்த முகங்கள் மலர்வதை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

"பரீட்சைக்கு எழுத்து டொச்தானே வேணும்?" வேணும். யார் இல்லை என்றது? 2018 முதல் குடியுரிமைக்கு மொழித் தேர்ச்சி நிலைகளில் பேச்சில் பி1, எழுத்தில் அதைவிட ஒரு படி கீழான ஏ2 கேட்கிறார்கள். கடிதம், படிவம் எல்லாம் அதில்தான். நானும் படித்துப் பாஸ் பண்ணினவள்தான்.

"ஊர்ப் பேச்சுக்கு இலக்கணம் உண்டா, அகராதி உண்டா?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். சுவிஸ் டொச்சுக்கு 'இடியோட்டிகோன்' என்ற பேரகராதி இருக்கிறது. 1862இல் வேலை தொடங்கி, 1881இல் முதல் பகுதி அச்சாகி, தொகுதி தொகுதியாக வந்தது. சூரிச் மாநிலச் சனம் 2011இல் வாக்குப் போட்டுப் பாலர் வகுப்பில் ஊர்ப் பேச்சுத்தான் வேணும் என்று முடிவெடுத்தது. தங்கள் பேச்சை இவ்வளவு மதிக்கிற நாட்டில் இருந்துகொண்டு, அதை எங்கட ஆளே கேவலப்படுத்துகிறார்!

"வணக்கம் சொல்லப் பேர்ணில் க்ருயெஸெஹ், சூரிச்சில் க்ருயெட்ஸி, எதைப் படிப்பது?" இருக்கிற ஊரில் உள்ளதைப் படியுங்கள்.

"எங்களைக் கண்டதும் சுவிஸ் ஆட்களே ஹோக்டொச்சுக்கு, அந்த எழுத்து டொச்சுக்கு, மாறிவிடுகிறார்களே?" ஓம், மாறுவார்கள். கோப்பி நேரத்தில் எல்லாரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் போய் இருந்தவுடன் குரலும் மாறும், கதையும் சுருங்கும். மரியாதைக்குத்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனதில் சுருக்கென்று குத்தும். அந்த மேசையில் நானும் ஒரு ஆளாக இருக்கத்தானே இந்தப் பாடெல்லாம்.

அந்த அக்கா கோப்பை கழுவிக் கழுவிக் காதால் கேட்டுப் படித்தவர். வகுப்புக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை, மூன்று பிள்ளைகள். மேடையில் இருந்தவர் இளக்காரமாகச் சொன்னது டொச்சைப் பார்த்தா, அந்த அக்காவுடைய கையைப் பார்த்தா? மட்டக்களப்பு ஆட்கள் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்றால் இதே மண்டபத்தில் சிரிக்கிறவர்களும் இவர்கள்தானே. மலையகப் பிள்ளை வாய் திறந்தாலும் அதே சிரிப்பு. எங்கே போனாலும் யாரையாவது கீழே வைத்துப் பார்க்காவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது போல.

பராமரிப்பு வேலை தொடங்கப் போகிற தங்கச்சிமார், தம்பிமார் இதை வாசித்தால் உள்பெட்டியில் எழுதுங்கோ. ரூகெ முதுகு, ஹ்னொய் முழங்கால், பூஹ் வயிறு என்று முதல் கிழமைக்கு வேண்டிய சொற்களை நானே குரல் பதிவாக அனுப்புகிறேன். எழுத்து டொச் வகுப்பையும் விடாதீங்கோ.