பாட்டு யாருடையது என்று முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

நான் சில ஆண்டுகளாகக் கவனித்துவரும் இளைஞர் ராக் குழு ஒன்று, பிரிந்துபோன பிறகு மறுபடியும் சேரப்போவதாக அறிவித்திருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள். என் பதிவால் அவர்களுக்குள் இன்னொரு சுற்றுச் சண்டை வேண்டாம். அறிவிப்பின் கீழே வழக்கமான ஆரவாரம். நட்பு வென்றுவிட்டது என்று ஒரு கூட்டம். கையில் காசு தீர்ந்திருக்கும், அதனால்தான் வருகிறார்கள் என்று இன்னொரு கூட்டம். பிரிந்தபோதும் இதே ஆட்கள்தான் இதே உறுதியோடு தீர்ப்புச் சொன்னார்கள்: பாடகரின் தலைக்கனம், இல்லையென்றால் கிதார்காரரின் காதலி.

தலைக்கனம் இல்லாத ராக் பாடகரை நான் பார்த்ததில்லை. அது இல்லாதவரால் ஆயிரம் பேர் முன்னால் போய் நின்று தொண்டை கிழியக் கத்த முடியாது. குழு நன்றாக நடந்த நாட்களிலும் அதே தலைக்கனம் இருந்ததே, அப்போது ஏன் உடையவில்லை? காதலியைப் பற்றிய பேச்சுக்குப் பதில் சொல்லவே எனக்கு விருப்பமில்லை. பீட்டில்ஸ் காலத்திலிருந்து ஆண்கள் சண்டை போட்டுக்கொள்வதும் பழியை அருகிலிருந்த பெண்மீது போடுவதும் ஓயவில்லை.

என் கணிப்பு வேறு. இளைஞர் குழுக்களைப் பெரும்பாலும் கணக்குதான் உடைக்கிறது. பாட்டு யாருடையது, குழுவின் பெயர் யாருடையது, வரும் பணத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்ற மூன்றையும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நண்பர்களாக இருப்பதால் பேசக் கூச்சம். பணமே வராத காலத்தில் பங்கு கேட்டால் சிரிப்பார்களே என்ற எண்ணம். பணம் வரத் தொடங்கியபின் கேட்டாலோ, பேராசைக்காரன் என்ற பட்டம் காத்திருக்கிறது.

நான் சொல்லும் குழுவில் விரிசல் எங்கே விழுந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். ஒத்திகை அறையில் ஒரு மாலை கிதார்காரர் விரல் சூடேற்றுவதற்காக ஆறேழு ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பேஸ் கிதார் வாசிப்பவர் அதற்கு அடியில் ஒரு நடையைப் போட்டார். டிரம்ஸ்காரர் எதிர்பாராத இடத்தில் தாளத்தை வெட்டி நிறுத்தினார். அந்த இடைவெளியில்தான் பாடகருக்கு முதல் வரி தோன்றியது. இரண்டு மணி நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. இன்றைக்கும் கூட்டம் முணுமுணுப்பது அந்த ஆறேழு ஸ்வரங்களைத்தான். வரிகள் பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டை இணையத்தில் ஏற்றியபோது படிவத்தில் ‘இயற்றியவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. படிவத்தை நிரப்பியவர் பாடகர். தன் பெயரை எழுதினார். அதில் திருட்டு எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நம்பவில்லை. வரியும் மெட்டும் தன்னுடையவை, ஆகவே பாட்டும் தன்னுடையது என்று இயல்பாகவே நினைத்தார். கிதார்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு சண்டையும், ஒத்திகைக்குத் தாமதமாக வந்தது முதல் ஒலிபெருக்கியை யார் தூக்குவது என்பது வரை, அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் நடந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சின்னப் பையன்களின் சண்டை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 1967இல் புரோகோல் ஹேரம் குழு ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டை வெளியிட்டது. கேட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தொடக்கத்தில் வரும் ஆர்கன் இசை. அதை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். ஆனால் பாட்டை இயற்றியவர்களாகப் பதிவானவை கேரி புரூக்கர், கீத் ரீட் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே. ஃபிஷர் 2005இல் வழக்குத் தொடுத்தார். பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய் 2009இல் அவர் பக்கம் முடிந்தது: இசையின் பதிப்புரிமையில் நாற்பது சதவீதம் அவருக்கு. அதுவும் வழக்குத் தொடுத்த நாளிலிருந்து வரும் வருமானத்தில்தான். முந்தைய முப்பத்தெட்டு ஆண்டுப் பணம் போனது போனதுதான். வாசிக்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அந்த வயதில் யார் படிவத்தைப் பார்க்கிறார்கள்?

தி ஸ்மித்ஸ் கதை இன்னும் தெளிவானது. மான்செஸ்டரில் 1982இல் தொடங்கி 1987இல் முடிந்துபோன குழு. வரிகள் மோரிஸ்ஸியுடையவை, இசை ஜானி மாருடையது. அந்த விஷயத்தில் தகராறே இல்லை. ஒலிப்பதிவிலிருந்தும் மேடையிலிருந்தும் வரும் பணத்தில்தான் தகராறு. முன்னால் நின்ற இருவருக்கும் தலா நாற்பது சதவீதம், பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் தலா பத்து. தனக்கும் சமபங்கு என்றே நினைத்திருந்ததாக ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அதற்கு அடிப்படை 1890ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டம்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்குதாரர் எல்லோருக்கும் சமபங்கு. விக்டோரியா மகாராணி காலத்தில் கடைக்காரர்களையும் வியாபாரிகளையும் மனதில் வைத்து எழுதிய சட்டம், நூறு ஆண்டு கழித்து ஒரு டிரம்ஸ்காரருக்குக் கால் பங்கு வாங்கிக்கொடுத்தது. மோரிஸ்ஸி மேல்முறையீடு செய்தும் தோற்றார். பண நெருக்கடியில் இருந்த ரூர்க் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு சமரசமாகப் போயிருந்தார். நால்வரும் மறுபடி ஒரு மேடையில் நிற்கவே இல்லை. ரூர்க் 2023இல் காலமானார், இனி நிற்கவும் முடியாது.

இதற்கு நேரெதிர் ஆர்.ஈ.எம். குழு. யார் எதை எழுதியிருந்தாலும் பாட்டின் கீழே பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நான்கு பெயரும் அகரவரிசையில் வரும். டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரி 1997இல் விலகினார். மிச்சமிருந்த மூவரும் தொடர்ந்து வாசித்துவிட்டு 2011இல் போதும் என்று நிறுத்தினார்கள். வழக்கு இல்லை, வசை இல்லை. பாடலாசிரியர் கௌரவ விழா ஒன்றுக்காக 2024இல் நால்வரும் ஒரே ஒரு பாட்டை வாசித்தார்கள். அதையொட்டிய நேர்காணலில், நிரந்தரமாகச் சேர என்ன வேண்டும் என்று கேட்டபோது மைக் மில்ஸ் சொன்ன பதில்: “வால்நட்சத்திரம்.” எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. கணக்கு நேராக இருந்ததால்தான் இப்படிச் சிரித்துக்கொண்டே மறுக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆள் மாற்றத்துக்கு வருவோம். இளைஞர் குழுவில் முதலில் காலியாகும் இருக்கை பெரும்பாலும் டிரம்ஸ் இருக்கைதான். ஒத்திகை அறையில் தாளம் சற்றுப் பிசகினால் யாரும் கவனிப்பதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே பிசகு அப்பட்டமாகத் தெரிகிறது. தயாரிப்பாளர் முதலில் கைவைக்கும் இடமும் அதுவே. 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸிலிருந்து டிரம்ஸ்காரர் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டபோது, செய்தியைச் சொன்னவர் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன். இரண்டு ஆண்டு கூட வாசித்த மூன்று நண்பர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அவர் இடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டார் சிறந்த தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆளை மாற்றுவது சரியா என்பது ஒரு கேள்வி, எப்படி மாற்றினீர்கள் என்பது வேறு கேள்வி. ஒயேசிஸ் குழு 1995இல் தன் டிரம்ஸ்காரர் டோனி மெக்கரோலை நீக்கியது. அவர் வழக்குப் போட்டு, 1999இல் ஐந்தரை லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு சமரசமானார். 2025இல் அந்தக் குழுவின் கல்லகர் சகோதரர்கள் பதினாறு ஆண்டுப் பகையை ஓரம்கட்டிவிட்டுக் கார்டிஃபில் மேடையேறியபோதும் டிரம்ஸின் பின்னால் இருந்தவர் புதியவர்.

பெயர் யாருடையது என்பதற்குப் பரமோர் குழுவைப் பார்க்கலாம். 2004இல் அமெரிக்காவின் டென்னஸியில் பள்ளி வயதுப் பிள்ளைகள் தொடங்கிய குழு. டிரம்ஸ் வாசித்த ஜாக் ஃபாரோவுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. மேடையில் எல்லோரும் சமம். ஆனால் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தவர் பாடகி ஹெய்லி வில்லியம்ஸ் ஒருவர்தான். மற்றவர்கள் குழுவின் உறுப்பினர்களா, பாடகிக்கு வாசிக்க வந்தவர்களா? ஜோஷ், ஜாக் ஃபாரோ சகோதரர்கள் 2010இல் இந்த ஒப்பந்தத்தையே குற்றம் சாட்டிவிட்டு வெளியேறினார்கள். பேஸ் வாசித்த ஜெரமி டேவிஸ் முதல் ஆல்பத்துக்கு முன்பே ஒருமுறை விலகித் திரும்பியவர். 2015இல் மறுபடி விலகியதும், அவர் பங்குதாரரா சம்பளக்காரரா என்று வழக்கே நடந்தது. அது 2017இல் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு ஜாக் மட்டும் திரும்பி வந்து டிரம்ஸ் இருக்கையில் உட்கார்ந்தார். அண்ணன் வரவில்லை. ஹெய்லி ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் போடும்போது அவரும் குழந்தைதான். பெரியவர்கள் போட்ட கையெழுத்தின் விலையைப் பிள்ளைகள் பல ஆண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பணத்துக்காகத்தான் திரும்பச் சேர்கிறார்கள் என்று ஏளனம் செய்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அலுவலகத்தில் பிடிக்காத ஆளோடு பணத்துக்காக முப்பது ஆண்டு வேலை பார்த்தால் பொறுப்பானவர் என்கிறோம். கிதார் வாசிப்பவர் அதைச் செய்தால் மட்டும் துரோகமா? பணத்துக்காகச் சேர்வதில் எனக்குக் குறை தெரியவில்லை. பணத்தைப் பற்றிப் பேசாமல் சேர்வதுதான் ஆபத்து.

ஈகிள்ஸ் குழு அதற்குச் சாட்சி. 1980 ஜூலையில் லாங் பீச்சில் நடந்த நிகழ்ச்சியில் குழுவின் கிதார்காரர்கள் கிளென் ஃபிரேயும் டான் ஃபெல்டரும் மெல்லிய காதல் பாட்டுகளைப் பாடிக்கொண்டே, நடுவில் ஒருவரையொருவர் பார்த்து, இன்னும் எத்தனை பாட்டு முடிந்தால் உன்னை அடிக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தது. குழு அத்தோடு சிதறியது. 1994இல் திரும்பச் சேர்ந்தபோது ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் உள்ளே பழைய சமபங்கு போய்விட்டது; ஃபிரேவுக்கும் டிரம்ஸ் வாசித்துப் பாடும் டான் ஹென்லிக்கும் கூடுதல் பங்கு. ஃபெல்டர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 2001இல் நீக்கினார்கள், வழக்குப் போட்டார், 2007இல் சமரசம். ஒருமுறை பிரிந்த குழு அதே இடத்தில் மறுபடியும் உடைந்தது.

இன்னொரு விஷயம் உண்டு. மறுசேர்க்கையின் மகிழ்ச்சியில் யாரும் கேட்காதது. பழைய ஆள் திரும்பி வந்தால், இடைக்காலத்தில் அந்த இடத்தைத் தாங்கி நின்றவர் எங்கே போவார்?

பிளிங்க்-182 குழுவிலிருந்து, பாடிக்கொண்டே கிதார் வாசிக்கும் டாம் டிலாங் 2015இல் விலகினார். அந்த இடத்துக்கு மேட் ஸ்கீபா வந்தார். தனக்கென்று வேறொரு குழு வைத்திருந்தவர், சின்ன ஆள் இல்லை. ஏழு ஆண்டுகளில் இரண்டு ஆல்பம். ஒவ்வொரு மேடையிலும் கீழேயிருந்து யாராவது ஒருவர் “டாம் எங்கே?” என்று கத்தியிருப்பார். பாட வந்த ஆளிடம் அப்படிக் கேட்பது எவ்வளவு அநாகரிகம் என்று ரசிகர்களுக்குத் தோன்றுவதே இல்லை. 2022 அக்டோபரில் டாம் திரும்பினார், ஸ்கீபா கிளம்பினார். டாம் அவருக்கு வெளிப்படையாகவே நன்றி சொன்னார், குழு உயிரோடு இருக்க நீங்களும் ஒரு காரணம் என்று. பழைய ஆளும் இடையில் வந்த ஆளும் இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்வது அரிது. அந்த நன்றியை நான் டாமின் எந்தப் பாட்டுக்கும் மேலாக மதிக்கிறேன்.

நம் இளைஞர் குழுவின் அறிவிப்புப் படத்தில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பழைய டிரம்ஸ்காரர் திரும்பிவிட்டார். அவர் இல்லாத காலத்தில் வாசித்த பையன் படத்தில் இல்லை. அவன் இருந்த காலத்தில் வந்த இரண்டு பாட்டுகள்தான் இன்று அதிகம் கேட்கப்படுகின்றன. அந்த இரண்டிலும் தாளம் முழுக்க அவனுடையது. அவற்றை நிகழ்ச்சியில் வாசிப்பீர்களா, வாசித்தால் அவனைக் கூப்பிடுவீர்களா, அவன் பங்கு என்ன என்று கிதார்காரரிடம் கேட்டேன். இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை அண்ணா என்றார். டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன் பேசி, எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.